யாருடைய 1911? சாரணியர் வரலாற்றுக் கண்காட்சிகள் கேட்க மறுக்கும் கேள்வி

பிப்ரவரி 22 சிந்தனை நாள்; நவம்பர் 7 நிறுவன நாள்; இடையிடையே பழம்பெரும் பெண்கள் பள்ளிகளின் நூற்றாண்டு விழாக்கள். இந்நாள்களில் இந்தியாவின் ஏதேனும் ஒரு நகரத்தில், ஏதேனும் ஒரு பள்ளிக் கூடத்தில், சாரணியர் இயக்கத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறு கண்காட்சி ஒன்று திறந்துவைக்கப்படுகிறது. நுழைவாயிலில் பேடன் பவல் இணையரின் உருவப்படங்கள். அடுத்து ஆண்டுகளை வரிசைப்படுத்திய பலகை. பின்னர் முடிச்சுகள், கழுத்துக்குட்டைகள், தகுதிச் சின்னங்கள், ராஜ்ய புரஸ்கார் விருது பெற்றோரின் நிழற்படங்கள். வகுப்பு வகுப்பாக மாணவியர் வரிசையில் அழைத்துவரப்படுகின்றனர். பத்து நிமிடத்தில் ஒரு வகுப்பு உள்ளே சென்று வெளியே வந்துவிடுகிறது.

இத்தகைய கண்காட்சியைப் பற்றிக் கடுமையாக எழுதுவது தேவையற்ற செயலாகத் தோன்றலாம். பெரும் அருங்காட்சியகங்களின் பிழைகளைக் கண்டிக்க ஆய்வுலகம் தயங்குவதில்லை. பள்ளி ஆசிரியைகள் தம் ஓய்வுநேரத்தில் ஒட்டிவைத்த அட்டைகளைக் கண்டிப்பது பெருந்தன்மை ஆகாது என்று கருதுகிறது. இந்தக் கருத்தே பிழையானது. அந்த வரிசையில் நடந்து செல்லும் சிறுமியருள் பலருக்குத் தம் வாழ்நாளில் காணக்கிடைக்கும் பெண்கள் வரலாற்றுக் கண்காட்சி இஃது ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆகவே அங்குத் தொங்கும் ஒவ்வொரு வாக்கியமும் ஆய்வேட்டின் வாக்கியத்துக்கு நிகரான பொறுப்புடையது.

அவற்றுள் முதலாவதாக நிற்பது பெரும்பாலும் இவ்வாக்கியமே: இந்தியாவில் சாரணியர் இயக்கம் 1911-ஆம் ஆண்டு ஜபல்பூரில் தொடங்கியது. ஆண்டிலும் ஊரிலும் பிழையில்லை. பிழை 'இந்தியாவில்' என்னும் சொல்லில் உறங்குகிறது. ஜபல்பூரில் அமைந்த அந்த முதற்குழு ஐரோப்பியச் சிறுமியருக்கும் ஆங்கிலோ-இந்தியச் சிறுமியருக்கும் உரியது. இந்தியச் சிறுமியருக்கு அதில் இடமில்லை. அவர்களுக்குக் கதவு திறக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1909-இல் பெங்களூரில் தொடங்கிய முதற் சாரணர் குழுவின் நிலையும் இதுவே. நிலப்படத்தின்படி அவை இந்தியாவில் தொடங்கின என்பது உண்மை. ஆனால், இந்நாட்டுப் பள்ளியில் பயிலும் ஒரு சிறுமி அப்பலகையைப் படிக்கும்போது, தன்னைப் போன்ற ஒருத்தி 1911-இல் அச்சீருடையை அணிந்தாள் என்றே பொருள் கொள்கிறாள். பலகை பொய் சொல்லவில்லை. பொய்யாகப் புரிந்துகொள்ள அவளை விட்டுவிடுகிறது. வரலாற்றெழுத்தில் இவ்விரண்டுக்கும் இடையே அறவேறுபாடு மிகக் குறைவு.

இந்த விலக்கின் கூர்மையை உணர, அவ்வியக்கத்தின் பெயர் வந்த வழியை நோக்க வேண்டும். 1909-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலசில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பின்றியே வந்து நின்றனர் சில சிறுமியர். தாங்களும் சாரணரே என்று அவர்கள் கூறிக்கொண்டனர். அவர்களைத் தடுத்து நிறுத்த இயலாத நிலையில், மறு ஆண்டு தனி அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டு, பேடன் பவலின் தங்கை ஆக்னசின் பொறுப்பில் விடப்பட்டது. 'ஸ்கவுட்' என்னும் பெயர் மறுக்கப்பட்டு 'கைட்' என்னும் பெயர் வழங்கப்பட்டது. அப்பெயர் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1846-இல் திரட்டப்பட்ட கைட்ஸ் படைப்பிரிவை நினைவில் வைத்துச் சூட்டப்பட்டது. அப்படையின் வீரர்கள் இந்நிலத்து மக்கள். அவர்களுக்கு ஆணையிட்டோர் ஆங்கிலேயர். இந்தியப் படைவீரரின் துணிவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட இயக்கம், அப்பெயரோடு இந்தியாவுக்கே திரும்பி வந்தபோது, இந்தியச் சிறுமியை வாயிலில் நிறுத்தியது. ஒரு கண்காட்சிக்கு இதைவிடச் சிறந்த முதற்பலகை வேண்டுமா? ஆயினும் முடிச்சுகளுக்கு மூன்று பலகை ஒதுக்கும் கண்காட்சிகள் பெயருக்கு ஒரு வரியும் ஒதுக்குவது அரிது.

இங்குத் தமிழ் ஒரு வியப்பான சான்றைத் தருகிறது. ஆங்கிலத்தில் இருபாலாருக்கும் வெவ்வேறு வேர்ச்சொற்கள். ஒன்று வேவு பார்ப்போனைக் குறிக்கிறது, மற்றொன்று வழிகாட்டியை. தமிழிலோ சாரணர், சாரணியர் என ஒரே வேரிலிருந்து இரு பெயர்கள் பிறந்தன. கிரிஸ்டல் பேலசில் நின்ற சிறுமியருக்கு எந்தப் பெயர் மறுக்கப்பட்டதோ அந்தப் பெயரின் பெண்பாலையே தமிழ் அவர்களுக்கு வழங்கிவிட்டது. மொழிபெயர்த்தோர் இதைத் திட்டமிட்டுச் செய்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால், இச்சொல்லை நாள்தோறும் வழங்கும் பள்ளிகளில் இதன் பின்னுள்ள மறுப்பின் கதை சொல்லப்படாமல் இருப்பது நல்வாய்ப்பு ஒன்றை வீணாக்குவதாகும்.

விலக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் எழும் முதல் எதிர்வாதம், அது காலத்தின் இயல்பு என்பது. அக்காலத்தை இக்கால அளவுகோலால் அளத்தல் கூடாது என்பது. ஆனால் அளவுகோல் இக்காலத்தினது அன்று. முதல் உலகப்போர்க் காலத்திலேயே அன்னி பெசண்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையை மையமாகக் கொண்டு இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டனர். 1918-இல் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோரின் முயற்சியால் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கம் எழுந்தது. 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இந்தியச் சிறுவரின் சேர்க்கை தவிர்க்க முடியாத பொருளாகிவிட்டிருந்தது. பெசண்ட் அம்மையாரின் சங்கம் அதன்பின் இணைந்தது. 1937-இல் அவர் மீண்டும் வந்து சென்றபின், இந்தியரைப் பற்றிய அவர் கருத்துகள் எழுப்பிய சினத்தின் விளைவாக, மறு ஆண்டு இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. விலக்கு அநீதி என்பதை அக்காலத்து இந்தியரே உணர்ந்தனர். உணர்ந்து மாற்று அமைப்புகளையும் கட்டினர். காலத்தின் இயல்பு என்று இன்று சொல்வோர், விலக்கியோரை மட்டுமே அக்காலத்து மாந்தராக எண்ணுகின்றனர். விலக்கப்பட்டோரும் அதே காலத்தில்தான் வாழ்ந்தனர்.

இரண்டாம் எதிர்வாதம் இன்னும் மென்மையானது. கண்காட்சி விழாவின் ஒரு பகுதி. விழா மேடையில் வழக்காடுவது பண்பன்று என்கிறது அது. இதற்கு மறுமொழியை இயக்கத்தின் விதிகளிலேயே காணலாம். சாரணர் விதிகளுள் முதல் விதி, சாரணர் நம்பிக்கைக்குரியவர் என்பது. பத்து வயதுச் சிறுமியிடம் கோரப்படும் இவ்வொழுக்கத்தை அவள் முன் வைக்கப்படும் வரலாற்றுப் பலகையிடமும் கோருவது மிகையாகாது. நூறாண்டைத் தாண்டி நிற்கும் இயக்கம், தன் தொடக்கத்தின் குறையைச் சொன்னால் சரிந்துவிடாது. குறையைக் கடந்து வந்ததே அதன் பெருமை என்று சொல்ல விரும்புவோரும், கடந்தது எதனை என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

இதுவரை சொன்னவற்றை ஏற்று மகிழும் ஒரு தரப்பு உண்டு. அத்தரப்புடனும் வழக்கு இருக்கிறது. கருத்தரங்க அறைகளில் இவ்வியக்கத்தைப் பேரரசின் கருவி என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிடும் வழக்கம் வேரூன்றியுள்ளது. அதற்குச் சான்று இல்லாமலில்லை. 1912-இல் ஆக்னசும் அவர் தமையனும் வெளியிட்ட கையேட்டின் துணைத்தலைப்பே பேரரசைக் கட்டியெழுப்பச் சிறுமியர் எவ்வாறு உதவலாம் என்பதைத்தான் கூறுகிறது. உறுதிமொழியோ கடவுளுக்கும் அரசருக்கும் கடமையாற்றுவதாக இருந்தது. வைசிராய், ஆளுநர் ஆகியோரின் துணைவியர் புரவலர்களாக வீற்றிருந்தனர். இவையனைத்தும் மெய். ஆனால் இவை அமைப்பைப் பற்றிய மெய்கள். சீருடைக்குள் நின்ற சிறுமியைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை.

அச்சிறுமியின் காலத்தை நோக்குக. 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். 1931-இலும் அது மூன்றைத் தொடவில்லை. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியபோதே நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல்தான் நிறைவேறியது. சாரணியர் குழுவில் சேரும் வயதோ பத்து, பதினொன்று. அதாவது, வீட்டுக்குள் இருத்தவும் மணமுடித்து அனுப்பவும் சமூகம் நாள் குறித்துக்கொண்டிருந்த அதே வயதில், ஒரு சிறுமி திறந்த வெளியில் கூடாரம் அடித்தாள், முதலுதவி கற்றாள், கொடிச் சைகையால் தொலைவில் நிற்பவளுக்குச் செய்தி அனுப்பினாள், தன் வயதுச் சிறுமியர் எண்மருக்குத் தலைமை தாங்கினாள். அவளைப் பள்ளிக்குப் பின்னும் ஒரு மணி நேரம் வெளியில் நிறுத்துவதற்கு ஓர் ஆசிரியை அவள் வீட்டாரிடம் வாதாடியிருக்க வேண்டும். பேரரசு தன் தேவைக்காகத் திறந்த கதவாயினும் அதன் வழியே அவள் வெளிவந்தது அவளுடைய தேவைக்காக. அவளைக் கருவி என்று மட்டும் எழுதி முடிப்பவர், பேரரசு செய்ததையே காகிதத்தில் இரண்டாம் முறை செய்கிறார்.

சீருடையும் அணிவகுப்பும் பேரரசின் தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை. லீலா நாக் 1923-இல் டாக்காவில் தீபாலி சங்கத்தைத் தொடங்கிப் பெண்களின் கல்விக்கும் உடற்பயிற்சிக்கும் வழிசெய்தார். 1928-இல் கல்கத்தாவில் கல்யாணி தாஸ் முதலானோர் மாணவியருக்கென்றே சாத்ரி சங்கத்தை அமைத்தனர். அங்கு நூல்வாசிப்போடு சிலம்பமும் நீச்சலும் மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் லத்திகா கோஷின் தலைமையில் பெண் தொண்டர்கள் சீருடையில் அணிவகுத்தனர். சாத்ரி சங்கத்தில் உறுப்பினராயிருந்த பீனா தாஸ், 1932 பிப்ரவரியில் பட்டமளிப்பு விழா மண்டபத்தில் வங்க ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டார். உலகச் சாரணியர் சங்கம் உருவாகி, இந்தியா அதில் உறுப்பு நாடானதும் இதே 1928-இல்தான். ஒரே ஆண்டில், சீருடை அணிந்த இந்தியச் சிறுமி அரசருக்கு உறுதிமொழி கூறினாள்; சீருடை அணிந்த மற்றோர் இந்தியப் பெண் அவ்வரசின் முடிவைக் கோரி நடந்தாள். இருவரும் கற்றவை பெரும்பாலும் ஒன்றே: வரிசையில் நிற்பது, உடலை உறுதியாக்குவது, அஞ்சாது வெளியே செல்வது.

இவ்விருவரையும் ஒரே அறையில் நிறுத்தும் கண்காட்சியே இளம்பெண்கள் இயக்கத்தின் வரலாற்றுக் கண்காட்சி எனத் தக்கது. தீபாலி சங்கம் எங்கள் அமைப்பைச் சேர்ந்தது அன்று என்று பொறுப்பாளர்கள் கூறலாம். அமைப்பின் ஆண்டறிக்கைக்கு அவ்விடை பொருந்தும். வரலாறு என்னும் தலைப்பைத் தாங்கிய பலகைக்குப் பொருந்தாது. சாரணியராக இருந்தவள் எதைத் தேர்ந்தாள் என்பதை அறிய, அவள் முன் இருந்த பிற வழிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய பகுதிக்கு வந்தால் கண்காட்சிகள் மேலும் விரைவாக நடைபோடுகின்றன. 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது என்று ஒரு வரி, 1966 அக்டோபரில் புனேயில் சங்கம் உலக மையம் திறக்கப்பட்டது என்று ஒரு வரி, பிறகு விருதுகள். முதல் வரியைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். 1950 நவம்பர் 7 அன்று இணைந்தவை சாரணர் சங்கங்கள். சாரணியர் சங்கம் இணைந்தது 1951 ஆகஸ்ட் 15 அன்று. இடைப்பட்ட காலம் ஒன்பது மாதங்களுக்கும் மேல். எனவே ஆண்டுதோறும் நவம்பர் 7 அன்று சாரணியர் கொடியேற்றிக் கொண்டாடும் நிறுவன நாள், கண்டிப்பாகச் சொன்னால், அவர்களின் முன்னோடிகள் அந்நிறுவனத்தில் இல்லாத ஒரு நாள்.

இது நாள்குறிப்புச் சச்சரவு அன்று. தனிச் சங்கமாக, பெண்களின் பொறுப்பில் இயங்கிய ஓர் அமைப்பு, ஆண்களின் சங்கங்கள் ஏற்கெனவே இணைந்து அமைத்த வீட்டிற்குள் பின்னர் நுழைந்தது. அந்நுழைவில் கிடைத்தவை யாவை, விடப்பட்டவை யாவை, தலைமைப் பொறுப்புகள் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பனவெல்லாம் வரலாற்றுக் கேள்விகள். ஒன்பது மாதத்தை ஒரு வரிக்குள் மடித்துவிடும் பலகை அக்கேள்விகளையும் சேர்த்து மடித்துவிடுகிறது. ஆண்பிள்ளைகளின் கதை முதன்மைக் கதை, பெண்பிள்ளைகளின் கதை அதன் பின்னிணைப்பு என்னும் வரிசைமுறை இங்ஙனமே இயல்பாக்கப்படுகிறது.

உள்ளூர்க் கண்காட்சிகளின் ஆகப்பெரும் குறை இன்னும் அருகிலேயே இருக்கிறது. அவற்றில் உள்ளூர் இல்லை. இலண்டனும் ஜபல்பூரும் புனேயும் இருக்கின்றன. அப்பள்ளி அமைந்த தெரு இல்லை. பழைய நிழற்படம் ஒன்று தொங்கவிடப்படும்போது நடு நாற்காலியில் அமர்ந்த சிறப்பு விருந்தினரின் பெயர் பட்டத்தோடு எழுதப்படுகிறது. தரையில் அமர்ந்த முப்பது சிறுமியரும் 'சாரணியர் குழு' என்னும் ஒரு சொல்லாகச் சுருங்குகின்றனர். படத்தின் பொருளே அவர்கள்தாம். ஆனால் பெயரில்லாதோரும் அவர்கள்தாம்.

அந்த முப்பதின்மர் யார்? சீருடைத் துணிக்கும் முகாம் கட்டணத்துக்கும் எவ்வீட்டாரால் பணம் தர முடிந்தது? எத்தெருவிலிருந்து எவரும் வரவில்லை? முகாமில் அடுப்பு ஒன்றா, பலவா? தண்ணீர்ப் பானையைத் தொட எல்லோருக்கும் உரிமை இருந்ததா? எட்டாம் வகுப்புக்குப் பின் குழுவிலிருந்து மறைந்தோர் எத்தனை பேர், மறைந்ததன் காரணம் என்ன? எல்லாச் சாரணியரும் தமக்குள் சகோதரியர் என்னும் இயக்கத்தின் கொள்கை, சாதியால் பிரிந்த ஊரில் எத்தனை தொலைவு நடந்தது என்பதை அளக்க இக்கேள்விகளைத் தவிர வேறு கோல் இல்லை. இவற்றுக்கான விடைகள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கமாட்டா. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, தலைமையாசிரியையின் குறிப்பேடு, முகாம் வரவுசெலவுக் கணக்கு ஆகியவற்றில் கிடைக்கும். அவை இன்று பழைய கட்டடங்களின் பரணில் கரையானோடு போட்டியிட்டுக் கொண்டிருக்கின்றன; வெள்ளையடிப்பின்போது எடைக்குப் போடப்படுகின்றன.

பெயரும் நினைவும் எவ்வளவு எளிதில் நழுவும் என்பதற்குச் சிறுமியர் பிரிவின் பெயரே சான்று. ஆங்கிலேயரின் 'பிரவுனி' இந்தியாவில் நீலப்பறவை ஆயிற்று. பின்னர் அனைத்திந்திய வழக்கில் புல்புல் ஆயிற்று. தமிழில் மட்டும் நீலப்பறவையர் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அக்குழுவில் நின்று கைகோத்து ஆடும் குழந்தைகள், தம் பெயரிலேயே ஒரு பழைய ஏடு ஒட்டிக்கொண்டிருப்பதை அறிவதில்லை. அறிவிக்க வேண்டிய கண்காட்சிக்கும் அது தெரிவதில்லை.

காலம் காத்திருக்கவும் இல்லை. அரசரின் பெயரால் உறுதிமொழி கூறிப் பின்னர் நாட்டின் பெயரால் அதே உறுதிமொழியைக் கூறிய தலைமுறைச் சிறுமியர் இன்று தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கின்றனர். 1951 இணைப்பின்போது பத்து வயதினராயிருந்தோர் எண்பதின் நடுப்பகுதியைக் கடக்கின்றனர். அச்சொல் மாறிய நாளில் வாய் தடுமாறியதா, எவரேனும் அதைப் பற்றிப் பேசினரா, முகாம் இரவுகளில் என்ன பாடினர், வீட்டார் எப்போது வேண்டாம் என்றனர் என்பவற்றைச் சொல்ல அவர்களால் மட்டுமே இயலும். இன்னும் பத்தாண்டு கழித்து இக்கேள்விகளோடு செல்லும் ஆய்வாளர் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

வரலாற்றுத் துறைகளும் பெண்ணியல் துறைகளும் இதில் ஒதுங்கி நிற்க உரிமையற்றவை. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் திட்டக்கட்டுரை எழுதுகின்றனர். அவற்றுள் பல, படித்த நூல்களையே மீண்டும் சுருக்கி எழுதுபவை. அம்மாணவருள் பத்துப்பேரை அருகிலுள்ள பழைய பெண்கள் பள்ளிக்கு அனுப்பினால், ஓராண்டில் பதிவேடுகளைக் கைப்பேசியிலேயே படமெடுத்து முடிக்கலாம். நிழற்படங்களோடு முன்னாள் மாணவியரைச் சந்தித்து முகங்களுக்குப் பெயர் பெறலாம். குரல்களைப் பதிவு செய்யலாம். படிகளைப் பள்ளிக்கே திருப்பித் தருவது இன்றியமையாதது. ஊராரின் ஆவணத்தை எடுத்துச் சென்று கட்டுரையாக்கிவிட்டு, ஊருக்குத் திரும்பாத ஆய்வும் ஒருவகைப் பேரரசுப் பழக்கமே. ஆசிரியைகளை அறியாமைக்காகக் குறைகூறும் முன்பு, அவர்களுக்குப் பல்கலைக்கழகம் இதுவரை எதைக் கொடுத்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் பலகைக்குக் கிடைத்ததெல்லாம் இயக்கத்தின் சுற்றறிக்கையும் இணையத்தின் இரண்டு பத்திகளும். இருந்தும் ஒரு கண்காட்சியை அமைத்தவர்கள் அவர்கள்; துறைகள் அமைக்கவில்லை.

அடுத்த நவம்பர் 7-க்கு முன் செய்யத்தக்க சிறு செயல் ஒன்று உண்டு. முதற்பலகையை மாற்றி எழுதலாம். 1911-இல் ஜபல்பூரில் தொடங்கிய முதற்குழுவில் இந்தியச் சிறுமியருக்கு இடம் தரப்படவில்லை. சில ஆண்டுகள் கழித்தே அவர்கள் சேர்ந்தனர். 1951 ஆகஸ்ட் 15 அன்று அவர்களின் சங்கம் இன்றைய இயக்கத்தில் இணைந்தது. இப்பள்ளியில் முதலில் சேர்ந்த சிறுமியரின் பெயர்கள் வருமாறு என்று எழுதி, அதன்கீழே பெயர்களை வரிசையாக இடலாம். பெயர் கிடைக்காத இடங்களை நிரப்பாமல் வெற்றிடமாகவே விடலாம். வரிசையில் வரும் சிறுமியருள் ஒருத்தி அவ்வெற்றிடத்தைச் சுட்டி, என் கொள்ளுப்பாட்டி இங்குப் படித்தார் என்று சொல்லக்கூடும். கண்காட்சிக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் அன்று போதாமல் போகும்.